யார் பல்

இந்த நாட்டுத் தண்ணீரில் உப்பே கிடையாது. மலாயாவுக்கு வந்து பத்து வருஷமாகியும், முதல் மடக்குக் குடிக்கும்போதெல்லாம் நாக்கு எதையோ தேடி ஏமாந்துபோகிறது. திருச்சுழிக்குக் கிழக்கே எங்கள் கரிசலில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அதைக் குடித்து வளர்ந்தவன் பல்லில் பழுப்புக் கோடு விழும். சாம்பல் வைத்துத் தேய்த்தாலும் போகாது. எனக்குக் கோடு விழுந்தது முன்பல் ஒன்றில்தான்; அந்தப் பல் போன வருஷம் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது. மேலுதடு வீங்கிக் கஞ்சிகூட இறங்கவில்லை. கிராம்பை அடக்கிக்கொண்டு, பட்டணத்துப் பல் வைத்தியரிடம் இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். குறடுக்குப் பயந்தவன் என்று தோட்டத்தில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பல்லைப் பிடுங்காமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் என் அண்ணன். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்து, இதே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். சண்டை முடிந்து மிச்சம்மீதிப் பேர் திரும்பியபோது தோட்டத்து வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக எல்லாரும் ஒரே சாயலாக இருந்தார்கள். அதிலே ஒருவர் என்னைப் பார்த்து, நம்ம சீமையா என்று கேட்டார். அவர் எங்கள் பக்கத்துக் காரியாபட்டிக்காரர். எப்படித் தெரிந்தது என்றேன்.

“பல்லு சொல்லுதுல்ல. அங்கயும் இப்படிப் பல்லோட ஒருத்தன் இருந்தான். மூஞ்சி உருக்குலைஞ்சு போச்சு, பல்லு ஒண்ணுதேன் மாறல. எங்க போனான்னு தெரியலப்பா.”

அது அண்ணன்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தில் என் முகமும்தான் மாறிக் கிடக்கிறது. அவன் வந்து நின்றால் என்னை எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? இந்தப் பல்லை எப்படிப் பிடுங்குவேன்?

கடைசியில் காய்ச்சல் கண்டு, கங்காணி என்னை லாரியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார். சீன வைத்தியர் வாயைப் பார்த்துவிட்டு “சீரே?” என்றார். மலாய் மொழியில் வெற்றிலை. நான் வெற்றிலை போடுகிறவனே இல்லை. தண்ணீரால் வந்த கறை என்று சொல்லத் தெரியாமல், “ஆயர், ஆயர்” என்று பல்லைத் தொட்டுக் காட்டினேன். ஆயர் என்றால் தண்ணீர். அவர் தலையாட்டிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அப்புறம் பிடுங்கிவிட்டார்.

பல்லைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தேன். சின்ன வயதில் விழுந்த என் பற்களையெல்லாம் அண்ணன்தான் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவான். தவறிக் கீழே விழுந்தால் மறுபடி முளைக்காது என்பான். ஒரு தடவைகூட அவன் தவறவிட்டதில்லை. அந்த நினைப்பில், கூறுகெட்டுப்போய், பல்லைக் கவரில் வைத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இது என் பல், வலி தாங்காமல் பிடுங்கினேன், நம் கூரையில் எறிந்துவிடு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

அம்மா சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதிய பதில் வந்தது.

“நெசத்தைச் சொல்லுய்யா. இது உன் பல்லா, உங்கண்ணன் பல்லா?”

கோடு இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. செத்தவன் பல்லை அனுப்பிவிட்டு நான் பொய் எழுதுவதாக நினைத்துவிட்டாள். கூரையில் எறியவும் மனம் வரவில்லை, மண்ணில் புதைக்கவும் மனம் வரவில்லை. விதைக்கம்புக் கலயத்துக்குள் போட்டு வைத்திருக்கிறாளாம். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன்.

இனி எத்தனை கடிதம் போட்டாலும் நம்பமாட்டாள். நான் நேரில் போய் வாயைத் திறந்து பொக்கையைக் காட்டினால்தான் அவள் மனசு ஆறும். கப்பலுக்குச் சீட்டு எடுக்கலாம் என்று இரண்டு தடவை பட்டணம் வரை போய்த் திரும்பினேன். நான் கப்பலேறிய மறுநாள் அண்ணன் இந்த வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? அம்மாவுக்குக் காட்ட இந்தப் பொக்கை போதும். அவனுக்குக் காட்டத்தான் பல் இல்லை.

இப்போதும் தோட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் நான்தான் முதலில் சிரிக்கிறேன். அவர்கள் வாயைத் திறக்கும்வரை அந்தச் சிரிப்பை விடுவதில்லை.