சீட்டுக் குலுக்கிய கிரேக்கர்கள்

கிரேக்கத் தத்துவம் படிக்கப்போகிறேன் என்றதும் என் அப்பா, நைனா, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அத்த படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?" சத்தியமாக எனக்கும் தெரியாது. பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், கிரேக்க மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன்.

பழைய ஏதென்ஸில் பல பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். அந்த ஊர்த் தத்துவ ஞானிகள் அதை எப்படி எடைபோட்டார்கள் என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. அது மடமை இல்லை, நியாயமான முறைதான் என்பது என் வாதம். வாய்மொழித் தேர்வன்று நைனா வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "அறிவுள்ள மக்கள் அதிகாரத்தை அதிர்ஷ்டத்திடம் விடுவார்களா? உங்கள் வாதம் இங்கேதான் உடைகிறது" என்றார். உடைந்தால் பட்டம் அம்போ. நூல்களிலிருந்து நான் சொன்ன எதுவும் அவரிடம் எடுபடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கள் பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு, ஐயா. முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் இறால் அள்ளலாம். தள்ளிப்போனால் பாசிதான். அதனால் சீட்டுப் போட்டு முறை பிரிப்போம். வசதியானவருக்கும் ஒரு சீட்டு, இல்லாதவருக்கும் ஒரு சீட்டு. அதிர்ஷ்டத்தை நம்பி இல்லை. எல்லோரும் சமம் என்று முதலில் ஒப்புக்கொண்டோம், அப்புறம்தான் சீட்டு. ஏதென்ஸிலும் அதுதான் நடந்தது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெண்களுக்குச் சீட்டு உண்டா?"

"இல்லை. அங்கேயும் இல்லை, எங்களிடமும் இல்லை. என் கடைசி அத்தியாயமே அந்த ஓட்டையைப் பற்றித்தான்."

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். நைனா கையைத் தூக்கினார். எழுந்து நின்றார்.

"பாஸா இல்லியா, அத்த சொல்லுங்க சார். இன்னிக்கு ஏரிப் பாட்டுல எங்க மொற. வல கட்டாம உட்டுட்டு வந்துகிறேன்."

"பாஸ்தாங்க. இனிமே உங்க பொண்ணு டாக்டர்" என்றார் தேர்வாளர்.

அறையே கைதட்டியது. நான் ஜெயித்துவிட்டேன், அழுதும்விட்டேன். நைனா மட்டும் உட்காரவில்லை. "அப்போ அந்தக் கடைசி அத்தியாயத்த ஊருல நான் கேக்கறேன் சார். அடுத்த சீட்டுல இவ பேரையும் போடுங்கன்னு."

கேட்டார். ஊர் இன்னும் மசியவில்லை. நான் பேராசிரியரான பிறகும் ஒவ்வொரு சீட்டுக் கூட்டத்திலும் எழுந்து கேட்கிறார், குரல்தான் கூடிக்கொண்டே போகிறது. மகளுக்காக அப்படி எழுந்து நின்ற ஒரு தகப்பனை நான் படித்த ஏதென்ஸில் எங்கேயும் பார்த்ததில்லை.