ஏழு தண்ணீரில் கழுவிய அரிசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம். கண்டியில், மஹய்யாவயில் இப்போது இருக்கும் இதே வீட்டில்தான் அப்போதும் இருந்தோம். என் கணவர் தபால்காரர். அம்பிட்டிய மேட்டிலுள்ள வீடுகளுக்கு நடந்தே போய்க் கடிதம் கொடுப்பார்.

அந்தச் சித்திரையில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து விட்டது. வைத்தியர் பத்து நாள் பத்தியம் சொன்னார். நான் அதை ஆறு மாதத்துக்கு நீட்டினேன். எல்லாம் பயம்தான். பருப்பு வாயு என்று நிறுத்தினேன். கீரை குளிர்ச்சி என்று நிறுத்தினேன். புழுங்கலரிசி செரிக்காதென்று, மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியைப் பிலிமத்தலாவைக் கடையிலிருந்து வாங்கிவரச் செய்தேன். அதையும் ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்த கஞ்சியைக் கழிவுநீர்க் கானில் கொட்டிவிட்டு, மிளகு ரசத்தோடு போடுவேன். அவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

புரட்டாசியில் அவர் செருப்புகள் தொலையத் தொடங்கின. ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பார். மற்றது எங்கே கழன்றதென்று அவருக்கே தெரியாது.

"அம்பிட்டியவில யாருக்குங்க அந்த செருப்ப குடுத்தீங்க? முத்திரை ஒட்டியிருந்திச்சா?" என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். உடம்பு இன்னும் தேறவில்லை என்று நினைத்து, எப்போதாவது கொடுத்துவந்த மீன் துண்டையும் நிறுத்தினேன்.

பிறகு ஒரு பிற்பகல், மழையில் நனைந்து வந்தார். அப்போதுதான் கழுவித் துடைத்த சிமெந்துத் தரையில், வாசலிலிருந்து அடுப்படி வரை சிவப்புச் சொட்டுகள். வெற்றிலையைத் துப்பிவிட்டார் என்று கோபம் வந்தது. பார்த்தால், அவர் வலது கால் வைத்த இடங்களில் மட்டும்தான் சிவப்பு. உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். விரல் நகமளவு போத்தல் கண்ணாடித் துண்டு உள்ளே ஏறியிருந்தது. யாருடைய காலையோ பார்ப்பது போல அவர் குனிந்து பார்த்தார்.

"வலிக்கலியே புள்ள" என்றார்.

நடந்து பிழைக்கிற மனிதர். கால் போனால் எல்லாம் போயிற்று. நான் அதைக் கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி யாழ்ப்பாணத்துக்காரர். துண்டை எடுத்துக் காயத்தைக் கட்டினார். பிறகு என் கணவரைக் கண்ணை மூடவைத்து, தொடும்போதெல்லாம் சொல்லும்படி கேட்டு, கோழி இறகால் இரண்டு பாதங்களையும் தடவினார். இறகு போய்ப் போய் வந்தது. கண்ணை மூடியபடியே என் கணவர், "இன்னும் ஆரம்பிக்கலீங்களா ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நரம்பு கெட்டிருக்கிறது, என்ன சாப்பாடு என்று விசாரித்தார் அப்போதிக்கரி. வீட்டில் குறையே இல்லை என்று என் கணவர் முந்திக்கொண்டார். என்னை விட்டுக்கொடுக்கமாட்டார். நான் வெளியாட்களிடம் வாய் திறந்து பேசாதவள். அன்று சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏழு தண்ணீர் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அப்போதிக்கரி திட்டவில்லை. "தங்கச்சி, அரிசியின்ர சத்தையெல்லாம் கானுக்குள்ள ஊத்திப்போட்டியள். இனி அதை இவருக்குக் குடுங்கோ" என்றார்.

கைக்குத்தல் அரிசி, பயறு, கீரை, காலையில் தவிட்டுக் கஞ்சி என்று வீட்டுச் சாப்பாடே மாறியது. மாட்டுக்கும் தனக்கும் இனி ஒரே பந்திதான் என்று என் கணவர் சொல்லிச் சொல்லிக் குடித்தார். அவர் தேறும்வரை, உட்கார்ந்து கடிதம் பிரிக்கும் வேலையைத் தபால் கந்தோரில் கொடுத்தார்கள். நான் தினமும் எண்ணெய் தடவி, பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மார்கழி போனது. என் கை படுவது அவர் பாதத்துக்கு இன்னும் தெரியவில்லை.

மாசியில் ஒரு காலை, எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"விடு புள்ள, கூசுது."

நான் விடவில்லை. அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவர் இப்போதும் அம்பிட்டிய மேடு ஏறுகிறார். அரிசி கழுவும்போது என் கை இரண்டாம் தண்ணீரோடு நின்றுவிடுகிறது. காயம் பார்ப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. தொட்டதும் கூசுகிறதென்று அவர் முணுமுணுத்தால்தான் எனக்கு அன்றைய வேலை ஓடும்.