'உண்மையைச் சொன்னால்' என்று தொடங்கினேன்

என் மாணவியை நான் காட்டிக்கொடுத்தேன். பதவிக்குப் பயந்து அல்ல. நாலு பேர் சிரித்துவிட்டார்களே என்ற வெட்கத்தில்! உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்... தயவுசெய்து இரக்கப்படாதீர்கள்.

பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை நான். இடைக்கால ஆங்கிலக் கவிதை என் துறை. அந்தக் கவிதைகளில் வரும் மனிதர்கள் வாயைத் திறந்தாலே தங்கள் வண்டவாளத்தைக் கொட்டிவிடுவார்கள். தேவையில்லாத இடத்தில் சத்தியம் செய்கிறவன் எதையோ மறைக்கிறான். ஆண்டுதோறும் இதைத்தான் வகுப்பில் முழங்குகிறேன்.

ஸ்டெல்லா, தமிழ்க் கடைத்தெருக்கள் நிறைந்த விவேக் நகர்ப் பெண். நானும் அங்கே பிறந்தவள்தான். கல்லூரியில் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு அவள் விண்ணப்பித்தபோது, அந்தக் கவிதை மாந்தரின் சத்தியப் பேச்சை நம் கடைத்தெருப் பேச்சோடு ஒப்பிடச் சொன்னது யார்? நான்!

"அங்க போய் இதெல்லாம் சொன்னா நக்கல் பண்ண மாட்டாங்களா மேம்?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

நேர்காணலில் மூன்று பேராசிரியர்கள். வழிகாட்டி என்ற முறையில் நானும் ஓரமாக அமர்ந்திருந்தேன். ஒரு கவிதையில் வரும் வணிகனின் பேச்சை ஸ்டெல்லா அருமையாக விளக்கினாள். பிறகு, தன் தெருத் துணிக்கடைக்காரரின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "மாதா சத்தியமா அக்கா, உங்களுக்குன்னுதான் இந்த ரேட்டு!"

சிரித்தார்கள். ரசித்த சிரிப்பா அது? இல்லை... மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களின் சிரிப்பு. "இது ஆய்வா, சந்தையா?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொன்னால், இது வேண்டாமென்று எச்சரித்தேன்" என்றேன். எவ்வளவு நேர்த்தியான ஆங்கிலம்! "உள்ளபடியே பலமுறை எச்சரித்தேன். மனசாட்சிப்படி சொல்கிறேன், இந்த ஒப்பீட்டில் எனக்குப் பங்கில்லை."

மூவரும் தலையாட்டினார்கள். வாழ்நாளெல்லாம் பேச்சைக் கொண்டு ஆளை எடைபோட்டவர்கள்! ஒருவருக்காவது உறைத்ததா? ஒரு கடைக்காரரின் தமிழ் காதில் விழுந்ததும் முகம் சுளித்தவர்களுக்கு, என் ஆங்கிலத்தில் இருந்த அழுகல் ஏன் நாறவில்லை? இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனால் யார் மேல் இந்தக் கோபம்? சிரித்தவர்கள் மேலா... அந்தச் சிரிப்புக்குள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்ட என் மேலா?

வெளியே தாழ்வாரத்தில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"மூணு தடவ சத்தியம் பண்ணீங்க மேம்" என்றாள். "ஒரு தடவ போதும். எனக்குப் புரிஞ்சிருக்கும்."

இடம் கிடைக்கவில்லை. இப்போது வைட்ஃபீல்டில் ஏதோ ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாளாம். 'ஒப்பிடச் சொன்னது நான்தான்' என்று அந்த மூவரிடமும் அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? கேட்காதீர்கள்... எனக்கே ஆயிரம் முறை கேட்டுச் சலித்துவிட்டது!

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அதே பாடம். வகுப்பு தூங்கி வழிந்தது. என்னையறியாமல் துணிக்கடைக்காரரின் குரலை எடுத்தேன், ஸ்டெல்லா பேசியது போலவே. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், கைதட்டினார்கள்.

"செம மேம்! நீங்களே யோசிச்சதா?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"ஆமா" என்றேன்.