ரக்பிக்காரர் விழச் சொல்லித் தந்த மாரி

நோர்வேயின் அம்மருட்டில் நான் உதவியாளராக இருந்த பாலர் பாடசாலைக்கு பனி கொட்டும் ஒரு மாரிகாலத்தில் புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்தார். கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். மூக்கு வளைந்து, காதுகள் கசக்கி விட்டதுபோலச் சுருண்டிருந்தன. பிள்ளைகள் அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று வயதுக்காரி ஒருத்தி நேரே போய் அவருடைய காதைப் பிடித்துப் பார்த்தாள். அவரும் குனிந்து கொடுத்தார்.

வட இங்கிலாந்துக்காரர், மனைவி நோர்வேக்காரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழிதான். ஆனாலும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“முந்தி என்ன வேலை செய்தனீர்?”

“ரக்பி லீக் விளையாடினனான். பந்தைக் கொண்டு ஓடுறது. ஆக்கள் வந்து விழுத்துவினம். எழும்பித் திரும்ப ஓடுறது.”

“அதுக்குச் சம்பளமோ?”

“ஓம். அதுதான் வேலை.”

வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. “கிரிக்கெட்டெண்டால் சரி. விழுறதுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?” என்றார்.

மத்தியானத்தில் சின்னப் பிள்ளைகள் இந்நாட்டு வழக்கப்படி வெளியே தள்ளுவண்டிகளில் நித்திரை கொள்ளும்போது, காவலுக்கு இருவரும் நிற்போம். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். முழங்கால் போனதும் விளையாட்டை விட்டாராம். கார் விற்றார், பெயின்ட் அடித்தார், ஒன்றிலும் நிலைக்கவில்லை.

“என்ன சாப்பிடுறது, எப்ப படுக்கிறது, எல்லாம் ஆரோ சொல்லுவினம். விட்ட பிறகு, காலமை எழும்பி என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை.”

“மைதானத்தில சனம் கத்துறதைக் கேக்காமல் இருக்கிறது கஷ்டமில்லையோ?”

“அதில்லை. உடுப்பு மாத்திற அறையில நாங்கள் விட்ட பகிடி இல்லாததுதான் கஷ்டம். அந்தச் சத்தம் இஞ்சை இருக்கு.”

அப்போதுதான் கவனித்தேன். வெளியே போவதற்குப் பிள்ளைகளுக்குக் கால்சட்டையும் சப்பாத்தும் மாட்டும் நேரத்தில் எங்களுக்குத் தலையிடி வரும். அவர் மட்டும் அந்த இரைச்சலுக்கு நடுவே நிலத்தில் குந்தியிருந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் முற்றம் முழுக்கப் பனிக்கட்டி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டார்.

“விழப் பயமோ?”

“ஓம். கை முறிஞ்சால் வேலை போயிடும்.”

“கையை ஊண்டாதையும். தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சோட வையும். தோளைக் குடுத்து உருளும்.”

பனிக் குவியல் ஒன்றின் அருகே என்னைக் கூட்டிப்போனார். பிள்ளைகள் வரிசையாக விழுந்து காட்டினார்கள். முதல் தடவை குந்திக்கொண்டு சமாளித்தேன். “அது குந்திறது, விழுறதில்லை” என்றார். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு சரிந்தேன். கழுத்துக்குள் பனி போனது. வளர்ந்த பிறகு வேண்டுமென்றே விழுந்தது அதுதான் முதல் முறை. எழும்பி, இன்னொரு முறை விழுந்தேன்.

பிறகு அவர் வேலையோடு சேர்த்துப் பாலர் கல்வி படித்தார். வகுப்பில் தான்தான் ஆகக் கிழவன் என்று சொல்லிச் சிரித்தார். படித்து முடித்ததும் எங்கள் பாடசாலையிலேயே ஆசிரியரானார். நிலத்திலிருந்து எழும்ப முழங்கால் விடாத நாட்களில், பிள்ளைகள் நாலைந்து பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள்.