நாலு நாற்பது பஸ்

காரைக்குடி ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை மணி ஆறு இருபது. ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். மணி பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. சென்னையில் ஆபீசுக்குப் போகிற பஸ் தினமும் எத்தனை மணிக்கு வந்தது என்று டைரியில் குறித்து வைக்கிறவன் நான். இந்தக் கட்டுரையிலும் மணிகள் நிறைய வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றைச் சொல்வதற்காகத்தான் மற்றவற்றையெல்லாம் சொல்கிறேன்.

1973, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடுகளைப் பார்க்க வருவார்கள். நான் சண்டை போட வந்திருந்தேன். பாளையக்காரர்களுக்கும் கம்பெனிப் பட்டாளத்துக்கும் நடந்த பழைய சண்டையை, அந்தக் காலத்து உடுப்போடும் ஆயுதத்தோடும் திரும்பப் போட்டுப் பார்க்கிற இருபது பேர் இங்கே இருக்கிறார்கள் என்று ஜமால் எழுதியிருந்தான். கல்லூரி நாளில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், இப்போது காரைக்குடியில் மரக்கடை வைத்திருக்கிறான். இது நாடகம் இல்லை, வசனமும் பாட்டும் மேடையும் கிடையாது, வெட்டவெளியில் அணிவகுத்து நின்று மோதுவோம் என்று எழுதியிருந்தான். கம்பெனிப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகிறது, வருகிறாயா என்றும் கேட்டிருந்தான். சரித்திரப் புத்தகத்தில் சண்டைப் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிற எனக்கு வேறென்ன வேண்டும்? சண்டை போட இருநூற்றைம்பது மைல் போக வேண்டுமா, இங்கேயே போடலாமே என்றாள் என் மனைவி. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார், ஒரு ரூபாய்க்குப் படிந்தது. ஜமாலின் மரக்கடை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சண்டைக்கு வந்திருக்கீகளா? போன வருசம் ஒருத்தருக்கு ரெண்டு பல்லு போச்சு."

எச்சரிக்கையாகச் சொன்னாரா, ஊர்ப் பெருமையாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைக்குள்ளே இருந்தவை எல்லாம் இடித்த வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள் சாக்கட்டியால் எண் போடப்பட்டுப் படுத்துக் கிடந்தன. கதவுகளும் நிலைகளும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கொத்தமங்கலத்தில் பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு ஒன்றின் மரமாம் அது. கன அடிக் கணக்கில் விலை. விற்றது போக மிஞ்சிய துண்டுகளில்தான் ஜமாலின் பட்டாளத்துக்குத் துப்பாக்கி செய்திருந்தார்கள்.

செய்தவர் நாகலிங்க ஆசாரி. முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். கம்பெனிப் பக்கத்தில் காலியாகப் போகிற இடம் இவருடையதுதான். ஜமாலின் அண்ணன் குவைத்தில் இருக்கிறார். அவர் மூலமாக ஆசாரிக்கு அங்கே தச்சுவேலைக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, சித்திரையில் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். போய் இறங்கியதும் அங்குள்ள முதலாளிக்கு முன்னால் ஒரு கதவு செய்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால்தான் வேலை. அதற்காக ஒரு மாதமாகவே இங்கே கதவு செய்து பழகிக்கொண்டிருந்தார். இழைத்து முடித்த ஒரு பலகையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தண்ணீரைத் தொட்டது மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு அவர் மனைவி பாக்கியம் சாப்பாட்டுத் தூக்குடன் வந்தார். கப்பல் ஏறப் போகிற ஆள் வேட்டு மருந்தோடு விளையாடலாமா என்று அவர் ஜமாலிடம் கேட்டது எனக்கும் கேட்டது. ஜமால் என்னைக் காட்டினான். மெட்ராஸிலிருந்து சார் வந்திருக்கிறார், நாளைக்கு ஒருநாள் ஆசாரி பக்கத்தில் நின்று பழக்கிவிட்டால் போதும், அதோடு விட்டுவிடலாம் என்றான். பாக்கியம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போனார்.

ஜமாலுக்கு மூன்று விதிகள் உண்டு. முதல் விதி, அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடி, பேனா, தீப்பெட்டி, கைக்கடிகாரம் எல்லாம் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஜோடி உண்டு. சண்டை எப்படிப் போனாலும் அவனவன் கண் அவனவன் ஜோடி மேலே இருக்க வேண்டும். எனக்கு ஜோடி ஆசாரி. மூன்றாவது விதி, பல் போன கதையிலிருந்து பிறந்தது. போன வருடம் சிலம்பக் கம்பு வாயில் பட்டவர் ஐயோ, செத்தேன் என்று அலறியிருக்கிறார். நன்றாகச் சாகிறான் என்று ஜனம் கை தட்டியது. எதிராளி உற்சாகமாகி இன்னும் ஓர் அடி போட்டுவிட்டான்.

"ஐயோ அம்மான்னு சண்டையில எல்லாப் பயலும்தான் கத்துறான். எது நெசம்னு எப்புடித் தெரியும் மாப்ளே? அதான் ஒரு வார்த்தை வச்சிருக்கோம். நெசமா அடிபட்டா 'பஸ்ஸு'ன்னு கத்தணும். அந்தக் காலத்துல பஸ்ஸு ஏது? தப்பா எடுத்துக்கவே முடியாது."

கரண்டு, சினிமா, சோடா என்று பல வார்த்தைகளை யோசித்துப் பார்த்துத் தள்ளினார்களாம். பஸ் என்றால் சின்ன வார்த்தை, பல் போனாலும் வாயில் வரும். ஒரு வருடமாக மரக்கடைக்குள்ளே அந்த வார்த்தையை வைத்துத்தான் பழகினார்கள். ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை. இருபது பேரும் மூளையுள்ளவர்கள். நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வரை ஆசாரி எனக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். தேக்குக் கட்டையில் மூன்றடி இரும்புக் குழாய். குண்டு கிடையாது. ஒரு பொட்டலம் வேட்டு மருந்து, அதன்மேல் தேங்காய் நார், கம்பியால் இடித்து, பின்பக்கம் திரியில் கனலும் கயிற்றால் நெருப்பு வைக்க வேண்டும். முதல் தடவை வருகிறவனுக்கு மருந்து கிடையாது. நான் வெறும் குழாயோடு அவர் பக்கத்தில் நிற்க வேண்டியது. கம்பெனிச் சிப்பாயாக யாரும் வர மாட்டேன் என்கிறார்களாமே, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சிப்பாய்ல பாதிப் பேரு நம்மாளுகதான சார். சம்பளத்துக்குப் போனவுக. நானும் சம்பளத்துக்குத்தான் போறேன்."

ஞாயிறு பகல் ஒன்றே காலுக்குப் பள்ளத்தூர் பஸ் ஏறினோம். சிவப்புக் கோட்டுகளைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டிக் கூரைமேல் போட்டார்கள். டிக்கெட் நாற்பத்தைந்து பைசா. மைல்கல் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றது, கண்டக்டர் ஏழு மைல் என்றார். திரும்பும் பஸ் எப்போது என்று அவரைக் கேட்டேன். நாலு நாற்பதுக்கு வரும், அதை விட்டால் ஏழரைக்குத்தான் என்றார். எனக்குக் காரைக்குடியில் ஏழு பத்துக்கு ரயில், திங்கட்கிழமை ஆபீஸ். ஆகவே நாலு நாற்பதை விடக் கூடாது. ரயிலை விட்டுவிடக் கூடாது என்றுதான், கடையில் கழற்றி வைக்க வேண்டிய கடிகாரத்தைக் கழற்றாமல் முழங்கை வரை ஏற்றிச் சட்டைக் கைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

இடம் பள்ளத்தூர் தாண்டி, புதுவயல் போகிற சாலையை ஒட்டி வற்றிக் கிடந்த ஒரு கண்மாய். தரை வெடித்துக் காய்ந்திருந்தது. ஜமால் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கரைமேல் ஜனம் உட்கார்ந்து பார்க்கலாம், பஸ் ஏறி இறங்கச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான். புதுவயல் அரிசி மில்லில் வேலை செய்கிறவர்கள் ஞாயிறு என்பதால் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இரண்டு லாரிகள் சாலையோரம் நின்றன. முந்நூறு பேர் இருப்பார்கள்.

நாலு ஐந்துக்குச் சண்டை தொடங்கியது. எதிரே வேல்கம்போடு பன்னிரண்டு பேர், இந்தப் பக்கம் என்னையும் சேர்த்துச் சிவப்புக் கோட்டில் ஒன்பது பேர். கோட்டின் கைகளில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள், அடி படாமல் இருக்க. என்னுடையது தவிர ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மூன்று வேட்டு. மூன்றாவது வேட்டு வெடித்ததும் எதிரிகள் பாய வேண்டும், முதலில் ஆசாரி விழ வேண்டும், பிறகு நான். இதுதான் ஏற்பாடு. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. புகை, தப்படிக்கிற சத்தம், தொண்டையில் கந்தக நெடி. இத்தனை வருடம் புத்தகத்தில் படித்ததற்குள் காலை வைத்து நின்றேன்.

ஆசாரியின் இரண்டாவது வேட்டு வெடிக்கவில்லை. எட்டுத் துப்பாக்கிச் சத்தத்தில் அது அவருக்கே தெரியவில்லை. அந்த மருந்தின் மேலேயே மூன்றாவது பொட்டலத்தையும் கொட்டி இடித்தார். இதெல்லாம் மறுநாள் உடைந்த குழாயைப் பார்த்து, மருந்து கொடுத்த வேட்டுக்காரர் சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது, சத்தம் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது என்பது மட்டும்தான். பிரமாதம் என்று நினைத்தேன். ஆசாரி வலது கையை வயிற்றோடு மடக்கிக்கொண்டு குப்புற விழுந்தார். அம்மா என்றார். கரையில் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கத்தினார்.

"பஸ்ஸு... பஸ்ஸு..."

நான் கோட்டுக் கையை மேலே தள்ளி மணி பார்த்தேன். நாலு முப்பத்துநாலு. ஆறு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டதே என்று நினைத்தேன். நான் நினைத்தது வார்த்தைக்கு வார்த்தை இதுதான். நினைத்துவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பினேன்.

நான் மட்டும் இல்லை. கரைமேல் யாரோ பஸ்ஸு வந்திருச்சாம் என்றார்கள். பெண்கள் கூடையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஜனம் சாலையைப் பார்த்து ஓடியது. பாளையக்காரர்கள் வேல்கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். சண்டை முடியும் முன்னே கூட்டம் கலைகிறதே என்று ஜமால் கையை ஆட்டி, உட்காருங்க, உட்காருங்க என்று கத்தினான். நான் பையை எடுக்க ஐந்தாறு அடி நடந்தும் விட்டேன். சாலை காலியாக இருந்தது. அங்கே பஸ்ஸும் இல்லை, புழுதியும் இல்லை.

அப்புறம்தான் துணி கருகுகிற வாடை வந்தது.

திரும்பிப் பார்த்தபோது நாலு முப்பத்தாறு. மணி பார்த்திருந்ததால் இது எனக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் பஞ்சு வைத்த கோட்டுக்கைக்குள் நெருப்பு உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. அவர் அதன்மேலேயே படுத்திருந்தார். புரட்டிப் போட்டு மண்ணை அள்ளிக் கொட்டினோம். ஜமால் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையைச் சுற்றினான். சுற்றியதை நான் பார்த்தேன், அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நாலு நாற்பது பஸ் நாலு நாற்பதுக்கே வந்தது. அதில்தான் அவரை ஏற்றினோம். கண்டக்டர் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை, எங்கேயும் நிறுத்த வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னார். முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, நாடகமா என்று என்னைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அன்று மாலையே அறுவை செய்தார்கள். டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். பெருவிரல் வெடியில் போனது. மற்ற மூன்று விரல்கள் தீயில் போயின. சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியது. உடனே அணைத்திருந்தால் அந்த மூன்றையும் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். பாக்கியம் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆசாரி கண் விழித்துத்தான் இருந்தார்.

"வார்த்தையச் சரியாத்தான சார் சொன்னேன்?"

சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க மணி பாத்தீக. படுத்திருந்தபடியே பாத்தேன்."

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பது போல அடுத்ததையும் கேட்டார்.

"எங்களால ரயில விட்டுட்டீகளே சார். இன்னைக்கி எத்தன மணிக்கு வண்டி?"

அன்று மாலை ஏழு பத்துக்கே புறப்பட்டேன். ஜமால் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டி வாசலில் நின்றான். ஒரு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. துப்பாக்கிக் கட்டைகளை விறகுக்குப் போட்டுவிட்டானாம். குவைத்துக்கு ஆசாரிக்குப் பதில் திருப்பத்தூரிலிருந்து வேறொருவர் போனார். பாக்கியம் புதுவயல் மில்லில் நெல் காயப் போடுகிற வேலைக்குப் போகிறார். ஆசாரி கடைக்கு வந்து பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாராம், இடது கையால்.

கடிகாரத்தை நான் கழற்றவில்லை. கழற்றினால் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். காரைக்குடிச் சாலையில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கேட்குமா? இங்கே சென்னையில் கேட்காத நிமிடமே கிடையாது. நிறுத்தத்தில் நிற்கும்போது யாராவது பஸ் பஸ் என்று கத்துகிறார்கள். எல்லோரும் சாலையைப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன், யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று. அதற்குள் பஸ் போய்விடுகிறது.