ஜனவரிக்குப் பூஜ்ஜியம் போட்ட மாப்பிள்ளை

கல்மண்டபத்து பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த பீம்ராவுக்கு ஜாவா ஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் ஆளைப் படுத்தி எடுத்தது. 2002இல் ஷாலுவோடு கல்யாணம் நிச்சயமானதும், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அதற்கொரு வெப்சைட் போட்டுவிட்டான். கல்யாணம் ஜூலை ஆறாம் தேதி, வியாசர்பாடி சமூகக்கூடம். திரையில் மூலைக்கு மூலை ரோஜாப்பூ சுழன்றது.

ஷாலுவின் அண்ணன் அன்பரசன் கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் போட்டுத் தேதி கேட்டார். ஷாலுவுக்கோ மாப்பிள்ளைப் பெருமை தாங்கவில்லை.

"அவரு நெட்ல போட்டுக்கீறாரு, பாத்துக்கோண்ணே" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்பரசன் பார்த்தார், லீவு போட்டார், கோட்டும் சூட்டுமாக ஜூன் ஆறாம் தேதி காலை விமான நிலையத்திலிருந்து நேராகச் சமூகக்கூடத்துக்கே போய்விட்டார். அங்கே கல்யாணமும் நடந்துகொண்டுதான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து பொங்கல் வடையை ஒரு கை பார்த்து, கை கழுவிய பிறகுதான் மனிதர் மேடையைப் பார்த்திருக்கிறார். மாலையும் கழுத்துமாக நின்றது யாரோ எவரோ.

பெண் வீட்டில் பீம்ராவை நடுக்கூடத்தில் நிற்க வைத்தார்கள்.

"மாமா, அந்த கம்ப்யூட்டர் பாஷையில மாசத்த பூஜ்ஜியத்துலேர்ந்து எண்ணுவாங்க. ஜனவரின்னா பூஜ்ஜியம், ஜூலைன்னா ஆறு. நாமதான் ஒண்ணு கூட்டிக்கணும். மறந்துட்டேன், ஜூன் ஆயிடிச்சு."

ஷாலுவின் அப்பா கிருஷ்ணப்பன் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காரர். "அப்போ ஒண்ணாந்தேதியும் பூஜ்ஜியமா நைனா?"

"இல்ல மாமா, தேதி மட்டும் ஒண்ணுலேர்ந்து."

"எவன்டா அந்த பேமானி?"

"வருசம் நூத்திரண்டுன்னு காட்டிச்சு மாப்ள" என்றார் அன்பரசன் சோகமாக. "அது தப்புன்னு எனக்கே தெரிஞ்சிச்சு. மாசமாவது நீ ஒழுங்கா போட்டிருப்பேன்னு நம்பினேன்."

பாவம், பிரவுசர் வேறென்பதால் பீம்ராவின் கம்ப்யூட்டரில் வருஷம் ஒழுங்காகத்தான் வந்தது. இரண்டாயிரம் பிறந்தபோது கம்ப்யூட்டர் உலகமே வருஷத்தைக் கண்டு பயந்ததால், அவன் அதை மட்டும்தான் சரிபார்த்திருந்தான்.

இரண்டு வாரத்தில் அன்பரசன் கப்பலேற வேண்டும். மறுபடி லீவு கிடைக்காது.

"எங்கண்ணன் இல்லாம நான் மால மாத்திக்க மாட்டேன்" என்று ஷாலு அழ ஆரம்பித்தாள். ரோஜாப்பூவைச் சுழல விட்டவனுக்குக் கல்யாணமே கைநழுவிப் போகிறது.

சட்டென்று அவனுக்கு ஒன்று உறைத்தது. நாள் நட்சத்திரம் பார்க்காத பௌத்தக் குடும்பம் இது. கிருஷ்ணப்பன் அதைப் பத்துப் பேர் கூடும் இடத்திலெல்லாம் மார்தட்டிச் சொல்வார்.

"மாமா, நமக்கு எல்லா நாளும் நல்ல நாள்தானே?"

சொன்ன வாயால் கிருஷ்ணப்பன் எப்படி இல்லை என்பார்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. பஞ்சாங்கத்தில் அன்று நாள் சரியில்லை என்று ஊரே ஒதுங்கியிருந்ததால் கூடம் காலியாகக் கிடந்தது. புத்தர் படத்துக்கு முன்னால் இருவரும் மாலை மாற்றியபோது, அதே கோட்டு சூட்டில் அன்பரசன் தேம்பித் தேம்பி அழுதார். பந்தியில் மட்டும், மேடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவர் கப்பலேறியதும் பீம்ராவ் ரோஷத்தோடு பிழையைத் திருத்தினான். வெப்சைட்டில் மாதத்தோடு ஒன்றைக் கூட்டினான். கல்யாணத் தேதியை மாற்ற மட்டும் மறந்துவிட்டான்.

ஜூலை தொடங்கியதும் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் வந்தது.

"இன்னா மாப்ள, ஆறாந்தேதி மறுபடியும் கல்யாணமாமே? யார்ரா பொண்ணு?"

ஷாலு போனைப் பிடுங்கினாள்.

"நான்தாண்ணே."