பதினெட்டு நாளும் ஒரு பிடிக் காவி மண்ணும்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலை, என் இடது விலாவில் திடீரென்று நெருப்பு. ரவிக்கை உரசினாலே உயிர் போனது. மறுநாள் வரிசையாகக் கொப்புளங்கள்... அக்கி!

சமீபத்தில் ஏதாவது டென்ஷனா என்று டாக்டர் கேட்டார்.

டென்ஷனா? கணவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். ரிப்போர்ட் வர பதினெட்டு நாள். அத்தனை நாளும் சிரித்துக்கொண்டே தோசை சுட்டேன். அவர் எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அடுத்த நாளே எனக்கு இது!

டாக்டர் சொன்னதைக் கேட்டு அசந்துபோனேன். ஆறு வயதில் எனக்குப் போட்ட அம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போகவே இல்லையாம். நரம்போரம் தூங்கிக்கொண்டிருந்ததாம். நோய் எதிர்ப்பு சக்தி காவல் இருந்ததாம். கவலை மிஞ்சினால் அந்தக் காவல் தளரலாமாம் — கிருமி விழித்துக்கொள்ளுமாம். நாற்பது வருஷம்... எனக்குத் தெரியாமல் எனக்குள்ளேயே!

மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் எங்கள் திருத்தணிப் பக்கம் அக்கி என்றால், குயவர் வீட்டில் காவி மண்ணால் எழுதிக்கொள்ளாமல் விடுவோமா? பொதட்டூர்பேட்டை சாலையில் பானை செய்யும் லட்சுமியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மாத்திரை விஷயத்தை அவளிடம் மூச்சுவிடவில்லை. மண் விஷயத்தை டாக்டரிடமும் சொல்வதாக இல்லை.

கொப்புளங்களைத் தொடாமல் சுற்றிலும் இறகால் எழுதினாள். சில்லென்று இருந்தது. காயும்வரை அசையக்கூடாது, பேசக்கூடாது, போனைத் தொடக்கூடாது என்றாள். மூன்று காலை இப்படி.

நான் சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று? மூன்றாம் நாள் கண்ணிலிருந்து தானாகக் கொட்ட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. லட்சுமி தன் பாட்டுக்கு மண் பிசைந்துகொண்டிருந்தாள்.

முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். பையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது. மாட்டிக்கொண்டேன்! அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"இத்த நிறுத்திடாதீங்கக்கா. நோவு இதுலதான் போவும்."

"அப்போ உன் மண்ணு?"

"அது உங்கள செத்த நேரம் குந்த வெக்கறதுக்கு."

வீட்டுக்கு வந்து, பதினெட்டு நாளும் நான் பட்ட பயத்தைக் கணவரிடம் சொன்னேன். அவரும் தினமும் அழுதாராம் — பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு.

அவருக்கு அக்கி வரும்வரை காத்திருப்பதாக இல்லை. நாளைக் காலையே லட்சுமி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கப்போகிறேன்!